காமினி செதுக்கிய உறுமி

பாயான் பாரு சந்தைக்குப் பின்னால், டயர் கடைக்கும் ஏர்கோன் பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவே காமினியின் கண்ணாடிப் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடிக் கதவு ஒன்றில் மேலே பிள்ளையாரும் கீழே மூங்கில் புதரும் செதுக்கியிருக்கும். பூஜை அறைக்குக் கதவு கேட்டு வருகிறவர்களும், சீனப் புத்தாண்டுக்குள் வரவேற்பறைத் தடுப்பு வேண்டும் என்று வருகிறவர்களும் அதைப் பார்த்தே உள்ளே நுழைந்துவிடுவார்கள். உள்ளே ரப்பர் பூட்ஸும் மூக்கு மூடியும் மாட்டிக்கொண்டு, தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு ஒரு பெண் நிற்பாள். முதலாளி எங்கே என்று கேட்டால், மூக்கு மூடியை இறக்காமலே தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவாள்.

நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளி முடித்து, பதினெட்டு வயதில் பாலம் தாண்டித் தீவுக்கு வந்து மின்னணு ஆலையில் சேர்ந்தாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கீறல் இருந்தால் எறிந்துவிட வேண்டும். பல வருடம் அப்படி எறிந்தாள். பிறகு அந்தப் பிரிவையே மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டத்தோ கிராமாட் சாலையில் நாகூர் மீரான் பாய் வைத்திருந்த கண்ணாடிக் கடையில் தொலைபேசி எடுக்கப் போனாள்.

அந்தக் கடையில் மணல் பீய்ச்சிக் கண்ணாடி செதுக்குகிற ஆள் தீபாவளிக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். பூஜை அறைக் கதவுகள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. காமினி அவனுடைய மூக்கு மூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். இது பொம்பளை செய்யற வேலை இல்லை என்றார் பாய். அப்படியானால் நீங்க வந்து செய்யுங்க என்று குழாயை அவர் பக்கம் நீட்டினாள். பாய் டீ குடிக்கப் போய்விட்டார். முதல் பிள்ளையாரின் தொந்தியில் ஓட்டை விழுந்தது. இரண்டாவது பிள்ளையார் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். பாய் தொழிலை விட்டபோது அந்த மணல் பீய்ச்சும் இயந்திரத்தை வேறு யாருக்கும் விற்கவில்லை.

அவள் கணவன் மட்டும் கடைசிவரை ஒத்துவரவில்லை. கண்ணாடித் தூளோடு வீட்டுக்குள் வராதே, ஒன்று இந்த வேலை, இல்லை நான் என்றான். காமினி யோசிக்க ஒருநாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் அவன் ஈப்போவுக்குப் பஸ் ஏறினான். அதைப் பற்றி அவளிடம் யாராவது பரிதாபமாகப் பேச ஆரம்பித்தால், இயந்திரத்தை முடுக்கிவிடுவாள். அந்தச் சத்தத்தில் எந்தப் பரிதாபமும் காதில் விழாது.

வெல்டு கீ கடலோரச் சாலையில் வெகுகாலம் பூட்டிக் கிடந்த சரக்குக் கிடங்கு ஒன்றை ஓர் அறக்கட்டளை வாங்கி இசை மண்டபமாக மாற்றியது. அதன் கட்டடக் கலைஞர் ஐமான், நண்பர் வீட்டில் காமினியின் மூங்கில் கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் பட்டறையைத் தேடி வந்தார். முன்கூடத்துக்கும் அரங்குக்கும் நடுவே பழைய செங்கல் வளைவுகள் ஏழு இருந்தன. ஒவ்வொரு வளைவிலும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கண்ணாடி. ஒவ்வொன்றிலும் இந்தத் தீவில் ஒலிக்கிற ஒரு வாத்தியமும் அதை வாசிக்கிறவரும். இதுதான் அவர் கேட்டது. சிறிய படமாக வரைந்து கொடுத்தாள். சீனர்களின் தந்தி வாத்தியம் எர்ஹூ, மலாய்க்காரர்களின் தந்தி வாத்தியம் கம்பூஸ், அவர்களுடைய கைமேளம் ரெபானா, பியானோ, வயலின், வீணை. நடு வளைவில், வாசல் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், உறுமி.

படங்களை அறக்கட்டளையின் குழு பார்த்து ஒப்புக்கொண்டது. குழுவில் இந்திய இசைக்காக இருந்தவர் மீனாட்சி டீச்சர். ஜார்ஜ் டவுனில் அவர் பெயரைச் சொன்னால் தெரியாதவர்கள் குறைவு. இருபது வருடமாகப் பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுக்கிறார். வீணையின் குடம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், வாசிக்கிற பெண்ணின் சேலை மடிப்பு எப்படி விழ வேண்டும் என்றெல்லாம் கேட்டுக் கேட்டுத் திருத்தச் சொன்னார். நடு வளைவுப் படத்தில் ஏதோ தோல் வாத்தியம் இருக்கிறது, மிருதங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டார். உள்ளங்கை அளவுப் படம். அவரைக் குறை சொல்ல முடியாது.

உறுமி வாசிக்கும் ஆளுக்குக் காமினி வேறெங்கும் போகவில்லை. அவள் தம்பி தயாளன் துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டுகிறான். வாரக்கடைசியில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு உறுமி மேளம் கட்டிப் போவான். தோட்டத்துக் கோயில் திருவிழா, காவடி, சாவு வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் போவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பட்டறைக்கு வரவழைத்து நிற்க வைத்துப் படம் எடுத்தாள். கை சரியாக விழவில்லை. சும்மா நிக்காதே, வாசி என்றாள்.

தயாளன் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி இழுத்தான். உறுமி அடிவயிற்றிலிருந்து முனகியது. சுவரோரம் சாய்த்திருந்த கண்ணாடிகள் எல்லாம் மெல்ல அதிர்ந்து கூடவே முனகின. மேசையில் கிடத்தியிருந்த பெரிய கண்ணாடியின் மேல் அன்றைக்குச் செதுக்கிய தூள் படிந்திருந்தது. அந்தத் தூள் துள்ளத் தொடங்கியது. துள்ளித் துள்ளி ஓரிடம் காலியாகி, ஓரிடம் குவிந்து, வரி வரியாக நெளிந்து நின்றது. தயாளன் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான். எடுக்காதே, இழு என்று கத்தினாள் காமினி. கைப்பேசியில் படமாகப் பிடித்துக்கொண்டாள். அந்த வரிகளைத்தான் நடுக் கண்ணாடியில், உறுமியிலிருந்து கிளம்பி வளைவின் விளிம்பு வரைக்கும் பரவும்படி செதுக்கினாள். ஆள் உருவத்தை மணல் பீய்ச்சி ஆழமாக எடுத்தாள். வரிகளை மட்டும் வைரமுனை வைத்து, தண்ணீர் சொட்ட விட்டு, கையாலேயே இழுத்தாள். கண்ணாடிக்குப் பின்பக்கமிருந்து செதுக்குவதால் இடம் வலமாகும். தம்பியின் வலது கையை இடது கையாக நினைத்து வெட்ட வேண்டியிருந்தது. தோள்பட்டை இரண்டும் வீங்கிப் போயின. இருந்தாலும் அந்த மாதம் அவள் சந்தோஷமாக இருந்தாள். டயர் கடைக்காரர், கண்ணாடி அக்கா பாட்டுப் பாடுவதை அப்போதுதான் முதல்முறை கேட்டதாகச் சொன்னார்.

மற்ற ஆறு கண்ணாடிகளும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் உள்ள சூளைக்குப் போய் வந்துவிட்டன. ஜனங்கள் நடமாடும் இடத்தில் வைக்கிற கண்ணாடியைச் செதுக்கி முடித்ததும் சூளையில் ஏற்றிக் கெட்டிப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகு அதில் யாரும் கை வைக்க முடியாது. ஒரு கோடு கூடுதலாக இழுக்கப் பார்த்தாலும் மொத்தமும் சர்க்கரையாகக் கொட்டிவிடும். நடுக் கண்ணாடி மட்டும் சூளைக்குப் போகாமல் பட்டறையில் நின்றபோதுதான் மீனாட்சி டீச்சர் பார்க்க வந்தார்.

வந்தவர் நேராக அந்த வரிகளின் முன் போய் நின்றார். நெடுநேரம் பார்த்தார். தண்ணீர் மாதிரியும் இருக்கிறது, தீ மாதிரியும் இருக்கிறது, என்ன இது என்று கேட்டார். இது சத்தம் டீச்சர் என்றாள் காமினி. தூள் துள்ளிய கதையைச் சொன்னாள். டீச்சரின் முகம் மலர்ந்தது. எந்த வாத்தியத்தின் சத்தம் என்று கேட்டார். காமினி சொன்னாள். டீச்சர் அப்போதுதான் வரிகளை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். அவன் இடுப்பில் தொங்கும் வாத்தியத்தைப் பார்த்தார்.

அன்றைக்கு அவர் சண்டை போடவில்லை. மெதுவாகத்தான் பேசினார். உறுமி என்றால் இந்த ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், குடித்துவிட்டு ஆடுகிறவர்களும் அடிதடிக்காரர்களும்தான் ஞாபகம் வருவார்கள் என்றார். வாத்தியத்தை மிருதங்கமாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் மட்டும் மணல் அடித்து மேகம் மாதிரி மங்கலாக்கிவிடுங்கள், வரிகள் அப்படியே இருக்கட்டும் என்றார். அடுத்த வாரம் குழு கூடுகிறது, அதுவரைக்கும் சூளைக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். காமினி வாசல் வரை வந்து வழியனுப்பினாள். மங்கலாக்குவது பத்து நிமிட வேலை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் மாலை ஷிப்டு முடிந்து தயாளன் மோட்டாரில் வந்தான். விஷயம் அவன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. துறைமுகச் சீருடையோடு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தான்.

"எடுத்துரு அக்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்க சொல்ற மாதிரி மங்கலாக்கிடு."

"நீ ஏன்டா சொல்ற?"

"உனக்கு இந்த வேலை பெரிசு லா. என் மூஞ்சிய வச்சு அது கெட்டுப் போக வேணாம். எங்களுக்கு இது பழகிப்போச்சு."

என்ன பழகிப்போச்சு என்று கேட்டாள். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான். போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கூப்பிட்டிருந்தார்களாம். பாதியில் மண்டபத்து மேலாளர் வந்து, வாசலுக்கு வெளியே நின்று வாசியுங்கள், உள்ளே வேண்டாம் என்றாராம். மழை தூறியிருக்கிறது. தோல் நனையாமல் இருக்கச் சட்டையைக் கழற்றி உறுமியின் மேல் போட்டுக்கொண்டு நின்றார்களாம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்களாம். ஒருத்தர்கூட ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, சாப்பாடு மட்டும் நல்லா போட்டாங்க என்று தயாளன் சிரித்தான்.

காமினி சிரிக்கவில்லை. "உன் மூஞ்சிக்காக நான் இத செய்யலடா. அங்க ஆறு பேர் வாசிக்கிறாங்க. நீயும் வாசிக்கிற. அவ்வளவுதான். போய்ச் சாப்புடு."

காலையில் எழுந்ததும் இரண்டு பேருக்குத் தொலைபேசி போட்டாள். முதலில் ஐமானுக்கு. நான் கொடுத்த படத்தை நீங்கள் ஒப்புக்கொண்டீர்களா இல்லையா என்று மலாயில் கேட்டாள். ஒப்புக்கொண்டோம், ஆனாலும் ஒரு வாரம் பொறுக்க முடியாதா என்று அவர் தயங்கினார். பொறுக்க முடியாது என்றாள். அடுத்து மீனாட்சி டீச்சருக்கு. டீச்சர், கண்ணாடி இன்னைக்குச் சூளைக்குப் போகுது, உங்ககிட்ட சொல்லாம அனுப்பக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன் என்றாள். நீங்க வேணும்னே செய்றீங்க என்றார் டீச்சர். ஆமா என்றாள் காமினி.

லாரியில் கண்ணாடியோடு அவளும் ஏறிக்கொண்டாள். பாலத்தில் காற்று அடித்தபோதெல்லாம் அவள் கை தானாகக் கட்டுக்கயிற்றைப் போய்ப் பிடித்தது. பிறையில் சூளைக்குள் கண்ணாடி நகர்ந்து போனதும் வெளியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். செதுக்கிய கண்ணாடி சூட்டில் வெடிப்பது உண்டு. வெடித்துவிட்டால் எல்லாம் டீச்சர் சொன்னபடி ஆகிவிடும். குழுவுக்கு வேலையே இல்லை. புதுக் கண்ணாடியில் மிருதங்கம் போட்டால் போயிற்று. பிளாஸ்டிக் பையில் கட்டி யாரோ நீட்டிய காப்பியை வாங்கி, குடிக்க மறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். சூளையின் அந்தப் பக்கத்து உருளைகளின் மேல் தயாளன் முழுசாக வெளியே வந்தான். உறுமியும் முழுசாக வந்தது. காமினி எழுந்து போய்க் கண்ணாடியின் விளிம்பைத் தொடப் போனாள். சூடு என்று வேலையாள் கையைத் தட்டிவிட்டான்.

குழு மண்டபத்திலேயே கூடியது. ஏழு கண்ணாடிகளும் அவற்றின் வளைவுகளுக்கு முன்னால் மரச்சட்டங்களில் சாய்ந்து நின்றன. நாலைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காமினிக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள், அவள் உட்காரவில்லை. இனி இதை மாற்ற வழி உண்டா என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றாள். ஓரத்து வளைவுக்கு, கழிவறைப் பக்கம் மாற்றி வைக்கலாமா என்றார் இன்னொருவர். பழைய கட்டடம், எந்த வளைவும் ஒரே அளவில் இல்லை, இது இந்த ஒரு வளைவுக்குத்தான் பொருந்தும் என்று ஐமான் சொன்னார். அப்படியானால் என்னதான் செய்வது என்றார்கள்.

"உடைக்கலாம்," என்றாள் காமினி. தரையில் தச்சர்கள் விட்டுப் போன கருவிகள் கிடந்தன. அவற்றைக் கையால் காட்டினாள். "ஓரத்துல ஒரு தட்டு போதும். நான் தட்ட மாட்டேன். வேணும்னா நீங்க யாராவது வந்து தட்டுங்க. நான் இங்கதான் நிப்பேன்."

சொன்னபடியே போய்க் கண்ணாடியின் பக்கத்தில் நின்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மீனாட்சி டீச்சர் மட்டும் எழுந்து வந்தார். கருவிகள் பக்கம் போகாமல் நேராகக் காமினியிடம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. தமிழில், மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

"எத்தனை வருஷம் கெஞ்சியிருக்கேன் தெரியுமா? கோயில் பாட்டு, கல்யாணப் பாட்டுன்னு எங்களை எந்த மண்டபத்துலயும் சேக்கல. இப்பதான் உள்ள வந்திருக்கோம், காமினி. அதுக்குள்ள இத கொண்டாந்து நடுவுல நிறுத்துறீங்க."

காமினிக்கு இந்தக் கதை தெரியாது. டீச்சர் கெஞ்சியிருப்பார் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒரு கணம் இரக்கம் வந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"நீங்க உள்ள வந்ததும் கதவைச் சாத்துறீங்க டீச்சர்."

டீச்சர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். ஐமான் எழுந்து, படத்தை ஒப்புக்கொண்டவன் நான், உடைப்பதாக இருந்தால் கட்டடத்திலிருந்து என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றார். கூட்டம் முணுமுணுப்போடு கலைந்தது. மறுநாள் நடுக் கண்ணாடியை வளைவில் ஏற்றினார்கள்.

காமினி ஜெயித்துவிட்டாள் என்று பட்டறைப் பக்கம் பேசிக்கொண்டார்கள். மேல்மாடிக் கைப்பிடிக் கண்ணாடி வேலையும் அவளுக்கு என்றுதான் முதலில் பேச்சு. அது சத்தமில்லாமல் வேறு நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் செதுக்குவதில்லை, கண்ணாடியில் படம் ஒட்டுகிறார்கள். மேல்மாடியில் இப்போது ஒட்டுப்படத்தில் தாமரைகள் இருக்கின்றன. இந்த மாதிரி ஏதாவது வரும் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தது. மஞ்சள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். ஆறு கண்ணாடிகளும் அடியில் வைத்த விளக்கில் பளபளத்தன. நடு வளைவின் முன்னால் மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு பூ அலங்காரத் தாங்கி நின்றது. அதன் பக்கத்தில் ஆதரவாளர்களின் விளம்பரப் பதாகை. தயாளனின் தலைமுடியும் ஒரு தோளும்தான் தெரிந்தன.

யார் வைத்தது என்று அவள் யாரையும் கேட்கவில்லை. பதாகையைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தாள். பூத்தாங்கி கனம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, பளிங்குத் தரையில் கிறீச்சென்று சத்தம் வர இழுத்தாள். முன்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பணியாள் ஓடிவந்து, அக்கா, வேண்டாம்க்கா, நிர்வாகம் வைக்கச் சொன்னது என்றார். தெரியும் தம்பி, அவங்கள வந்து என்கிட்ட பேசச் சொல்லு என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து இழுத்தாள். பிறகு நடுக் கண்ணாடியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கச்சேரி தொடங்குகிறது என்று மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். பூத்தாங்கியை யாரும் திரும்ப நகர்த்திவிடக் கூடாதே என்று அவள் உள்ளே போகவில்லை. உள்ளிருந்து கைதட்டல் கேட்கும்போதெல்லாம், எந்த வாத்தியத்துக்கு என்று ஊகித்துக்கொண்டு நின்றாள். நிர்வாகத்திலிருந்து யாரும் வரவில்லை.

அன்றைக்குத் தயாளன் வரவில்லை. ஷிப்டு என்றான். அடுத்த வாரமும் ஷிப்டு என்றான். கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை, துறைமுக வாசலிலேயே போய் நின்று அவனைப் பிடித்தாள். பூட்ஸும் சீருடையுமாக அவனை மண்டபத்துக்கு இழுத்து வந்தாள். டிக்கெட் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார் காவலாளி. இந்தக் கண்ணாடியெல்லாம் நான் செய்தது என்று வாதாட வாயெடுத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, பக்கத்துச் சாளரத்துக்குப் போய் இரண்டு டிக்கெட் வாங்கினாள். அன்று மீனாட்சி டீச்சரின் மாணவர்களுடைய வீணைக் கச்சேரி.

தயாளன் தன் உருவத்தின் முன் கொஞ்ச நேரம்தான் நின்றான். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கு லா என்றான். ஆனால் அந்த வரிகளின் மேல் விரலை வைத்து, விளிம்பு வரைக்கும் போய், திரும்ப உறுமிக்கு வந்தான். சரி, பாத்தாச்சு, போலாம் என்றான். டிக்கெட் வாங்கியாச்சு என்று காமினி அவன் முழங்கையைப் பிடித்து அரங்குக்குள் கூட்டிப் போனாள்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். தயாளன் பூட்ஸ் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டான். மேடையோரம் நின்றிருந்த டீச்சர் அவர்களைப் பார்த்துவிட்டார். சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. வாசிப்பு தொடங்கியது. முதல் பாட்டு முழுக்கத் தயாளன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். இரண்டாவதில் மிருதங்கம் சேர்ந்ததும் அவன் விரல்கள் தொடையில் தாளம் போடத் தொடங்கின. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் அவனையும் அவன் சீருடையையும் திரும்பிப் பார்த்தார். தயாளனின் கை நின்றுவிட்டது.

"போடுடா," என்றாள் காமினி, அந்தப் பெரியவருக்கும் கேட்கிற மாதிரி.

அவன் கை மறுபடியும் தொடைக்குப் போயிற்று.